ஐந்து வரிகளுக்குள் ஒரு நாள்: பெற்றோருக்கான ஐந்தாண்டுக் குறிப்பேடு, நான்கு ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகு

உள்ளங்கையை விடச் சற்றே பெரிய, கெட்டி அட்டை போட்ட இந்தக் குறிப்பேட்டில் 2021 ஜூன் 14 அன்று முதல் வரியை எழுதினேன். அப்போது என் மகளுக்கு இரண்டு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, மகன் பிறந்திருக்கவில்லை. இப்போது அவளுக்கு ஆறரை வயது, அவனுக்கு மூன்று வயது ஆகப்போகிறது, குறிப்பேடு ஐந்தாவது ஆண்டில் இருக்கிறது. சிறு குழந்தைகளின் பெற்றோர் நாள்தோறும் நன்றி எழுதுவதற்கென்று விற்கப்படும் இந்த வகைக் குறிப்பேட்டைப் பற்றி வாங்கிய மாதமே எழுதியிருந்தால், தாள் வழுவழுப்பாக இருக்கிறது, அட்டை அழகாக இருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் சொல்லியிருக்க முடியாது. ஏனென்றால் இரண்டாம் ஆண்டு தொடங்கும் வரை இது ஒரு சின்ன டைரி மட்டுமே; அதற்குப் பிறகுதான் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையைத் தொடங்குகிறது.

அமைப்பு எளிமையானது. ஒரு தேதிக்கு ஒரு பக்கம் என்று 366 பக்கங்கள். ஒவ்வொரு பக்கமும் ஐந்து கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, கட்டத்துக்கு ஐந்து கோடுகள் போடப்பட்டிருக்கின்றன. ஆண்டு அச்சாகவில்லை, '20' என்று மட்டும் இருக்க, மீதி இரண்டு இலக்கங்களை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பதால் எந்த மாதத்திலும் தொடங்கலாம். இந்த ஆண்டு ஜூன் 14 அன்று முதல் கட்டத்தில் எழுதினால், அடுத்த ஆண்டு அதே தேதியில் அதற்குக் கீழே உள்ள கட்டத்தில் எழுதுவோம். எழுத உட்காரும்போதெல்லாம், சென்ற ஆண்டு இதே நாளில் நடந்தது பேனாவுக்கு இரண்டு விரற்கடை மேலே இருக்கும். அதைப் படிக்காமல் இன்றையதை எழுதவே முடியாது. இந்தப் பொருளின் முழுச் சூட்சுமமும் இவ்வளவுதான். மற்றவையெல்லாம் அலங்காரம், சில இடங்களில் இடைஞ்சல்.

எழுத இருக்கும் இடம் மிகக் குறைவு என்பதைப் பலர் குறையாகச் சொல்லக்கூடும். நம் சொற்கள் நீளமானவை. 'தூங்கிக்கொண்டிருந்தாள்' என்று எழுதினாலே அரை வரி போய்விடும். என் கையெழுத்தில் ஒரு கட்டத்துக்கு இருபது சொற்கள் அடங்கினால் அதிகம். முதலில் எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் இருபது சொற்களில் ஒரு நாளை விளக்க முடியாது, அதிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துவைக்க முடியும். எதை எடுப்பது என்று யோசிக்கும் அந்த ஒரு நிமிடத்தில், வேலை நெருக்கடியில் காதில் விழுந்தும் மனத்தில் பதியாமல் போன ஏதோ ஒரு சொல் திரும்பி வருகிறது. பெரிய டைரியாக இருந்திருந்தால் நான் என் அலுவலகக் கவலைகளை எழுதியிருப்பேன் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனி குறைகள். முதல் குறை, ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் சாம்பல் நிறத்தில் அச்சாகியிருக்கும் ஒரு தொடர். 'இன்று நான் நன்றியுடன் நினைப்பது' என்பது அதன் பொருள். 1,830 கட்டங்களிலும் இதே தொடர். முதல் மூன்று மாதம் நான் அதற்குப் பணிந்து எழுதியவற்றை இப்போது படித்தால் வெட்கமாக இருக்கிறது. 'ஆரோக்கியமான குழந்தைக்காக நன்றி.' 'அமைதியான மாலைக்காக நன்றி.' 'குடும்பத்துக்காக நன்றி.' இந்த வரிகளில் என் மகள் இல்லை. எந்த வீட்டிலும் எந்தத் தகப்பனும் எழுதியிருக்கக்கூடிய வரிகள் இவை. எந்த மாலை, அதில் என்ன அமைதி என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் நன்றி என்ற சொல்லை நாம் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் விருந்தாளியிடம் பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. அந்தச் சொல்லை நாள்தோறும் எழுத வைத்தால், கையெழுத்துதான் மிஞ்சும்.

குறிப்பேட்டோடு வரும் சிறு மடிப்புத்தாள், நன்றி எழுதுவது மகிழ்ச்சியைத் தரும் என்று ஆய்வுகள் நிரூபித்துவிட்டன என்று அடித்துச் சொல்கிறது. உண்மையில் இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு, ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்டது. அதன் முதல் பகுதியில் மாணவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, வாரத்துக்கு ஒரு முறை என்று பத்து வாரம் எழுதினார்கள். ஒரு குழு நன்றிக்குரியவற்றை, ஒரு குழு தொல்லைகளை, ஒரு குழு நல்லது கெட்டது பாராமல் நடந்தவற்றை. நன்றி எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைக் கூடுதல் நிறைவோடு மதிப்பிட்டார்கள் என்பது உண்மைதான். அது வாரம் ஒரு முறை எழுதியது; நாள்தோறும் எழுதிய மற்றப் பகுதிகளிலும் நல்லுணர்வு கூடியது. ஆனால் பிறகு சோன்யா லுபோமிர்ஸ்கி குழுவினர் ஆறு வாரம் நடத்திய சோதனையில், வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்கே பலன் தெரிந்தது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. நாள்தோறும் நன்றி எழுதச் சொல்லும் ஒரு பொருள் ஆய்வுகள் நிரூபித்துவிட்டன என்று அடித்துச் சொல்வது, எனவே, சற்றுத் துணிச்சலான காரியம். என் மூன்று மாத அனுபவமும் அந்தச் சோதனையின் பக்கமே நிற்கிறது.

நான்காம் மாதம் முதல் அந்தச் சாம்பல் நிறத் தொடரின் மீது ஒரு கோடு இழுத்துவிட்டு எழுதத் தொடங்கினேன். எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி ஒன்றே: உணர்ச்சியை எழுதக் கூடாது, நடந்ததை எழுத வேண்டும், முடிந்தால் குழந்தை சொன்ன சொல்லை அப்படியே. அந்த நாள் முதல் இந்தக் குறிப்பேடு எங்கள் வீட்டுப் பொருளாயிற்று. 'கடந்தது எல்லாமே அவளுக்கு நேத்துதான். "நேத்து நான் குட்டிப் பாப்பாவா இருந்தேன்ல?"' என்பது அப்படி எழுதிய முதல் சில குறிப்புகளில் ஒன்று. அதை எழுதிய இரவு எனக்கு எந்த நன்றியுணர்வும் தோன்றவில்லை, தூக்கம்தான் வந்தது. ஓராண்டு கழித்து, நேற்று என்பதற்கும் முந்தாநாள் என்பதற்கும் வேறுபாடு தெரிந்துவிட்ட குழந்தை பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருக்க, அதே பக்கத்தைத் திறந்து அந்த வரியைப் படித்தபோது தொண்டை அடைத்தது. அன்று வந்த நன்றி அச்சிட்ட தொடர் கேட்டு வந்ததில்லை. தயாரிப்பாளர்கள் தங்கள் பக்க அமைப்பு செய்யும் வேலையை நம்பாமல், தலைப்புத் தொடரை நம்பியிருக்கிறார்கள் என்பதுதான் என் முதன்மையான புகார்.

பக்க அமைப்பு என்ன செய்கிறது என்பதற்கு அக்டோபர் 9ஆம் தேதிப் பக்கத்தைக் காட்டலாம். இந்த நாளுக்கு எந்தச் சிறப்பும் இல்லை, திட்டமிட்டும் எழுதவில்லை. மேலே பார்த்ததால் கீழே எழுதத் தோன்றி, அது தானாக ஒரு கதையாகிவிட்டது.

2021: 'கண்ணாமூச்சி. அறை நடுவில் நின்று இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். அவளைக் காணவில்லையாம். கால் மணி நேரம் தேடினேன்.'

2022: 'திரைச்சீலைக்குப் பின் ஒளிந்தாள். பாதம் இரண்டும் வெளியே. எங்கே எங்கே என்றதும் உள்ளிருந்து பதில்: "நான் இங்க இல்ல."'

2023 என் மனைவியின் நீல மையில்: 'உண்மையாகவே ஒளிந்துவிட்டாள். ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை. வாசற்கதவு திறந்திருந்தது. துணி அலமாரியில் சத்தமே போடாமல் இருந்தாள். கை நடுங்கியது.'

2024: 'தம்பிக்கு ஒளியக் கற்றுக்கொடுத்தாள். அவன் அறை நடுவில் நின்று கண்ணைப் பொத்திக்கொண்டான். "ஐயோ, அவன் இங்கயே நிக்கறானே" என்று என்னிடம் ரகசியம்.'

நான்கு கட்டங்கள், எண்பது சொல்லுக்கும் குறைவு. பிறர் மனத்தில் இருப்பது தன் மனத்தில் இருப்பதிலிருந்து வேறாக இருக்கக்கூடும் என்பதைப் பெரும்பாலான குழந்தைகள் நான்கு வயதை ஒட்டிப் புரிந்துகொள்கிறார்கள் என்று வளர்ச்சி உளவியல் சொல்கிறது. ஹைன்ஸ் விம்மரும் ஜோசஃப் பெர்னரும் 1983இல் வெளியிட்ட பொம்மைக் கதைச் சோதனையிலிருந்து இது நூற்றுக்கணக்கான முறை ஆராயப்பட்டிருக்கிறது. நான் அதைப் படித்துத் தெரிந்துகொண்டது பிறகுதான். திரைச்சீலைக்கும் அலமாரிக்கும் நடுவில் அவளுக்குள் ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்பது மட்டும் இந்தப் பக்கத்தைப் பார்த்தபோதே தெரிந்தது. அத்தோடு இன்னொன்றும் தெரிந்தது: 2021இல் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றவளைக் கால் மணி நேரம் பொய்யாகத் தேடியது நேர விரயமாக அன்று எனக்குப் பட்டிருந்தது. இன்று அப்படித் தேட அவள் விடமாட்டாள். மகனைத் தேடும்போது நான் அவசரப்படுவதில்லை. அடுத்த வாரம் ஐந்தாவது கட்டம் வருகிறது.

இவற்றை நாம் எழுதாவிட்டால் யாரிடமும் இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். பெரியவர்களின் மிக முந்தைய நினைவு பொதுவாக மூன்று, மூன்றரை வயதை ஒட்டியே தொடங்குகிறது. அதற்கு முந்தையது பெரும்பாலும் வெறுமை. பட்ரீசியா பாவரும் மரினா லார்கினாவும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதில் பெற்றோருடன் பேசிய நிகழ்ச்சிகளைக் குழந்தைகள் பிறகு எந்த வயது வரை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஐந்து முதல் ஏழு வயது வரை பாதிக்கு மேல் நினைவிருந்தது. எட்டு, ஒன்பது வயதில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆறரை வயது மகளின் தகப்பனாக அதைப் படித்த அன்று நான் இரண்டு நாள் விடுபட்ட கட்டங்களைச் சேர்த்து நிரப்பினேன். அந்த அலமாரியை அவள் இப்போது நன்றாக நினைவு வைத்திருக்கிறாள். இன்னும் மூன்று ஆண்டுகளில் அது நீல மையில் மட்டுமே இருக்கலாம்.

குழந்தையைப் பார்த்துக் குறிப்பெழுதுவது புதிய பழக்கமும் அல்ல. 1839 டிசம்பரில் பிறந்த தம் மூத்த மகனைப் பற்றிச் சார்லஸ் டார்வின் நாள், வயது போட்டுக் குறித்துவைத்திருந்தார். அவற்றை 1877இல்தான், மகனுக்கு முப்பத்தேழு வயதானபோது, 'மைண்ட்' என்ற இதழில் கட்டுரையாக்கினார். ஏழாம் நாளில் உள்ளங்காலில் காகிதத்துண்டு பட்டதும் குழந்தை காலை இழுத்துக்கொண்டு விரல்களை மடக்கியது முதல், இரண்டரை வயதைத் தாண்டிய பிறகு சர்க்கரை திருடிவிட்டு அறையிலிருந்து கண்கள் வழக்கத்துக்கு மாறாக மின்ன வெளியே வந்தது வரை அதில் இருக்கின்றன. பெற்ற தகப்பன் மட்டுமே பார்த்திருக்கக்கூடிய அந்த மின்னல்தான் அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம்.

பெற்றோருக்கான பாடம் என்று எதையாவது இந்தக் குறிப்பேடு கற்றுக்கொடுத்ததா என்று கேட்டால், கற்றுக்கொடுத்தது. ஆனால் அச்சாகியிருந்த எதுவும் அதைச் செய்யவில்லை. முதலாம் ஆண்டைப் புரட்டியபோது 'கத்தினேன்' என்ற சொல் பதினேழு இடங்களில் இருந்தது. அவற்றில் பதினான்கு, மாலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடைப்பட்ட நேரம். பலவற்றில் குளியல், சிலவற்றில் பொம்மைகளை எடுத்துவைப்பது. ஒவ்வொரு முறையும் அன்றைய சண்டைக்கு அன்றைய பிடிவாதம்தான் காரணம் என்று நம்பியிருந்தேன். பதினேழையும் ஒன்றாகப் பார்த்தால், களைத்துப்போன ஒரு பெரியவரும் களைத்துப்போன ஒரு குழந்தையும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் இருந்ததைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. குளியலைக் காலைக்கு மாற்றினோம். அதற்காக எந்த நூலையும் படிக்கவில்லை, யாரிடமும் ஆலோசனை கேட்கவில்லை. இரண்டாம் ஆண்டில் அந்தச் சொல் ஆறு இடங்களில்தான் இருக்கிறது. மூன்றாம் ஆண்டு மறுபடி ஏறிவிட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அந்தப் பதினேழில் ஒன்றின் கீழே அவள் சொன்னதும் இருக்கிறது: '"நீ கத்துனப்போ என் காது மூடிக்கிச்சு" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். "சரி, திறந்துடுச்சு" என்றாள்.' இன்னொரு நாள், மரக்கட்டை ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு, மடியில் கிடந்த பொம்மையிடம் அவள் பேசியதைக் குறித்திருக்கிறேன்: '"இரும்மா, ஒரே நிமிஷம், அப்பா வேலையா இருக்கேன்." குரல் என்னுடையது.' இந்தக் குறிப்பை எழுதிவிட்டு நான் திருந்திவிட்டதாகச் சொல்லமாட்டேன். ஆனால் அதே தேதி ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது. அந்த நாளில் மட்டுமாவது கைப்பேசி வேறு அறையில் இருக்கிறது.

ஒரு வீட்டுக்கு ஒரு குறிப்பேடு போதும், இருவரும் எழுதலாம் என்பதைத் தயாரிப்பாளர்கள் எங்கும் சொல்லவில்லை; சொல்லியிருக்க வேண்டும். முதல் ஏழெட்டு மாதம் நான் மட்டும் எழுதினேன். 2022 பிப்ரவரியில் மகளுக்குக் காய்ச்சல் கண்ட ஓர் இரவைப் பற்றி 'இரவு முழுவதும் தூக்கம் இல்லை' என்று எழுதி வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் அதன் கீழே பென்சிலால், சிறிய எழுத்தில், 'யாருக்கு?' என்று ஒரு சொல் சேர்ந்திருந்தது. நியாயமான கேள்வி. நான் இரண்டு முறை எழுந்தேன். என் மனைவி படுக்கவே இல்லை. அன்று முதல் யார் விழித்திருக்கிறாரோ அவர் எழுதுவது என்று வைத்துக்கொண்டோம். கறுப்பு மை என்னுடையது, நீலம் அவருடையது. நான் வேலைக்குப் போயிருந்த பகல்களில் இந்த வீட்டில் என்னவெல்லாம் நடக்கிறது என்பதை நீல வரிகளிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். மூன்று முறை மாற்றிய படுக்கை விரிப்பைப் பற்றி யாரும் நேரில் சொல்லமாட்டார்கள். ஐந்து வரிக்குள் அது வந்துவிடுகிறது. அந்த 'யாருக்கு?' என்ற சொல்லை நான் அழிக்கவில்லை. இந்தக் குறிப்பேட்டில் எனக்கு அதிகப் பயன் தந்த ஒற்றைச் சொல் அதுதான்.

தொடக்கத்தில் இருக்கும் எட்டு 'வளர்ச்சிப் பக்கங்கள்' பற்றி எனக்கு நல்ல கருத்து இல்லை. முதல் பல், முதல் சொல், முதல் அடி என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு மாத எண்ணை அச்சிட்டு, பக்கத்தில் 'நம் குழந்தை' என்று காலியிடம் விட்டிருக்கிறார்கள். நடப்பதற்கு எதிரே 12 என்று இருந்தது. என் மகன் நடந்தது பதினைந்தாம் மாதத்தில். இடைப்பட்ட மூன்று மாதம் அந்தக் காலியிடம் எங்களைப் படுத்தியது கொஞ்சமல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட பன்னாட்டு ஆய்வின்படி, பிடிமானமின்றித் தனியே நடக்கத் தொடங்குவது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். நான்கு சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வதே இல்லை. ஒரு எண்ணுக்குப் பதிலாக இரண்டு எண்களை அச்சிட எவ்வளவு மை செலவாகியிருக்கும் என்று தெரியவில்லை. வாங்குபவர்கள் அந்தப் பக்கங்களை ஒட்டிவிடலாம், அல்லது எங்களைப் போல் குழந்தைகளின் கிறுக்கலுக்கு விட்டுவிடலாம். குறிப்பிட்ட வயதுக்குப் பின்னும் ஏதாவது தாமதமாகத் தோன்றினால் அது மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, டைரியிடம் அல்ல.

தாளும் கட்டும் நன்றாகவே இருக்கின்றன. நூலால் தைத்த கட்டு என்பதால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மேசைமேல் விரிந்து கிடக்கிறது. ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறு கையால் எழுதுபவர்களுக்கு இது சிறிய வசதி அல்ல. தாள் அமிலமற்றது என்று பின்னட்டையில் குறித்திருக்கிறார்கள். சாதாரண மரக்கூழ்த் தாளில் எஞ்சியிருக்கும் லிக்னினும் அமிலமும் காலப்போக்கில் அதைப் பழுப்பாக்கி நொறுங்க வைக்கும் என்பதால், இருபது ஆண்டு கழித்துத் திறக்க வேண்டிய ஒரு பொருளுக்கு இது அவசியமே. முதல் ஆண்டுப் பக்கங்கள் இன்னும் வெள்ளையாக இருக்கின்றன, நான்கே ஆண்டுகளில் அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் தாள் மெல்லியது. மைப்பேனா பின்பக்கம் ஊறுகிறது; ஜெல் பேனா உலர்வதற்குள் அழிகிறது. பால்பாயின்ட் பேனா பரவாயில்லை. நிறமி கலந்த மெல்லிய முனைப் பேனாதான் வெளிச்சத்துக்கும் ஈரத்துக்கும் தாக்குப்பிடிக்கிறது. எதுவும் கைக்குக் கிடைக்காத நடு இரவில் பென்சில் போதும், அது மங்குவதில்லை.

அடையாள நாடாவை என் மகன் பத்தாம் மாதத்தில் வாயால் இழுத்துப் பிடுங்கிவிட்டான். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கென்று செய்த பொருளில், கையளவு நீளமுள்ள ஒரு நாடாவை வெறும் பசையால் ஒட்டியிருப்பது அலட்சியம். வாங்கியதும் அதை வெட்டியெடுத்துவிடுவதே நல்லது. கடைசி அட்டையில் உள்ள காகிதப் பைக்கும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. மகன் பிறப்பதற்கு முன் எடுத்த ஸ்கேன் படத்தை அதில் வைத்திருந்தேன். அந்தப் படங்கள் பெரும்பாலும் வெப்பத்தில் கறுக்கும் தாளில், ரசீதுகள் அச்சாகும் அதே முறையில் அச்சிடப்படுபவை. சூடும் வெளிச்சமும் பட்டால் மங்கிப்போகும். மூன்றாண்டில் மூக்கின் கோடு மறைந்து பாதிப் படம் சாம்பலாகிவிட்டது. அப்படிப்பட்ட படம் வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இது தயாரிப்பாளரின் குற்றமில்லை, என்னுடையது.

இதற்கு முன் இதே வேலைக்கு ஒரு கைப்பேசிச் செயலியைப் பயன்படுத்தினேன். எழுதுவது எளிது, படமும் சேர்க்கலாம், இரவு ஒன்பது மணிக்கு மணி அடித்து நினைவூட்டும். அந்த மணி அடிக்கும்போது குழந்தை தூங்கத் தொடங்கியிருக்கும் என்பது ஒருபுறம் இருக்க, எழுதக் கையில் எடுத்த கைப்பேசியைக் கீழே வைக்க அரைமணி நேரம் ஆகும். பிறகு ஒரு நாள் அந்தச் சேவை நிறுத்தப்படுவதாக மின்னஞ்சல் வந்தது. நான் அதைக் கவனித்தபோது பதிவிறக்கிக்கொள்ளக் கொடுத்த கெடு முடிந்திருந்தது. மகளின் முதல் ஆண்டில் நான் எழுதிய நான்கு மாதக் குறிப்புகள் அப்படிப் போயின. கைப்பேசியின் படத்தொகுப்பு 'இதே நாளில்' என்று பழைய படங்களைக் காட்டுகிறதே என்று கேட்கலாம். அது முகத்தைக் காட்டுகிறது. 'காது மூடிக்கிச்சு' என்பதைக் காட்டாது.

விடுபடும் நாட்களைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்காக ஒரு தகவல்: எங்கள் முதல் மூன்று ஆண்டுகளில் இருநூறுக்கும் மேற்பட்ட கட்டங்கள் காலி. மகன் பிறந்த 2022 நவம்பரில் ஐந்தே குறிப்புகள். மடிப்புத்தாள் 'ஒரு நாளும் தவறாதீர்கள்' என்கிறது. தவறினால் எதுவும் ஆகாது. சென்ற ஆண்டுக் கட்டம் காலியாக இருந்தாலும் அதற்கு முந்தைய ஆண்டு ஏதாவது இருக்கும். ஒன்றுமே இல்லாத இடமும், அந்த மாதம் எப்படி ஓடியது என்பதைத் தன் பங்குக்குச் சொல்கிறது.

மகள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிறகு இன்னொரு கேள்வி வந்திருக்கிறது. 'என்னைப் பத்தி என்னப்பா எழுதியிருக்க?' என்று கேட்டுத் தானே பக்கத்தைப் புரட்டுகிறாள். பூட்டு இல்லாதது குறை என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அது நல்லதாகவே படுகிறது. அவளைக் கூச வைக்கக்கூடிய எதையும் எழுதக் கூடாது என்ற எண்ணம் பேனாவைப் பிடிக்கும்போதே வருகிறது, ஏற்கெனவே எழுதியிருந்த இரண்டு குறிப்புகளின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டினேன். தூங்குவதற்கு முன் அன்றைய பக்கத்தின் பழைய கட்டங்களை உரக்கப் படிக்கச் சொல்கிறாள். படித்துவிட்டு 'அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா?' என்று நான் கேட்டால், தெரியாததையும் சேர்த்துச் சொல்கிறாள். அவள் சொல்வது சில நேரம் நான் எழுதியதை விட நம்பும்படியாக இருக்கிறது.

யார் வாங்கலாம்? ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில், படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் எழுத முடியும் என்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். முதல் ஆண்டில் இது எதையும் திருப்பித் தராது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். மன நிம்மதி வேண்டும், இந்த மாதமே வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது உதவாது. பிரசவத்துக்குப் பின் தொடரும் மனச்சோர்வில் இருப்பவருக்கு இதைப் பரிசாகக் கொடுத்து நன்றி எழுதச் சொல்வது கொடுமை. அவருக்குத் தேவை மருத்துவரும், குழந்தையை இரண்டு மணி நேரம் வாங்கிக்கொள்ளும் ஒருவரும்.

எங்கள் பிரதி 2026 ஜூன் 13 அன்று நிறைகிறது. அடுத்த ஐந்தாண்டுக்கும் இதே அமைப்பில்தான் வாங்கப்போகிறோம். ஆனால் தலைப்புத் தொடரும் வளர்ச்சிப் பக்கங்களும் இல்லாத, தேதியும் கோடும் மட்டும் போட்ட ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம். இந்தப் பிரதியில் நிறையாமல் நிற்கப்போகும் பக்கம் பிப்ரவரி 29. எங்கள் ஐந்தாண்டுக்குள் 2024இல் ஒரு முறைதான் அந்த நாள் வந்தது, அடுத்தது 2028இல். ஒரே குறிப்பு, நீல மையில்: 'இன்று ஒன்றும் நடக்கவில்லை. எட்டரை மணிக்கு இருவரும் தூங்கிவிட்டார்கள். நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம்.' மீதி நான்கு கட்டங்கள் ஏன் காலி என்று மகள் போன வாரம் கேட்டாள். அந்த நாள் வரவே இல்லை என்றேன். அப்படியென்றால் அது யாருக்கும் சொந்தமில்லை என்று முடிவு செய்து, இரண்டாவது கட்டத்தில் தன் பெயரையும், மூன்றாவதில் தம்பியின் பெயரையும் எழுதினாள். நான்காவதில் தம்பியை எழுதச் சொல்லிப் பென்சிலைக் கையில் கொடுத்தாள். அவன் கட்டத்துக்கு வெளியே, பக்கம் முழுவதும் எழுதினான்.